மூன்று திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அதன் கீழே கொட்டிக்கிடக்கும் சிரிப்பு முகங்களையும் பார்த்துவிட்டேன். "மூன்று திருத்தங்களுக்கு மேல் போனால் தனிக் கட்டணம்" என்று, பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து பாட்டாக்கித் தரும் ஒரு மிக்சிங் என்ஜினியர் வாட்ஸ்அப்பில் எழுதியதைப் பொதுவில் போட்டு, "பாட்டு கொடுத்தேனா, தாசில்தாரிடம் மனு கொடுத்தேனா?" என்று கேட்டிருக்கிறார் நம் பாடகர். நல்ல நகைச்சுவை. அந்தத் தம்பியின் பெயரை மறைத்தவர் முகப்புப் படத்தை மறைக்க மறந்துவிட்டார். அதுவும் நகைச்சுவைதான் போலிருக்கிறது.

கட்டணம் அதிகம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம். பேரம் பேசலாம், வேறு ஆளைப் பார்க்கலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் இங்கே கேலிக்கு ஆளானது தொகை இல்லை, அந்த ஒரு வரி. திருத்தத்துக்கு ஓர் எல்லை வைத்தான் என்பதுதான் குற்றம். திருத்தமும் வேலைதான், வேலைக்குக் கூலி உண்டு. இதற்கு மேல் இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

'சின்னத் திருத்தம்' என்றால் என்ன என்று சொல்கிறேன். நானும் அதே மிக்சிங் வேலைக்காரன்தான். சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு பக்திப் பாடல் தொகுப்பு வந்தது. பாடியவர் நல்ல ஞானஸ்தர். ஹெட்போன் மாட்டினால் பாட வராது என்று, கைபேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டு, மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பாடி அனுப்பியிருந்தார். மேலே மின்விசிறி வேறு. ஓர் இடத்தில் மேல் ஷட்ஜம், அந்த உச்ச 'ச', சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. "அதை மட்டும் லேசாகத் தூக்கிவிடுங்கள், சின்ன வேலைதானே" என்றார்.

தூக்கலாம். ஆனால் அந்தக் குரலுக்குள்ளேயே தம்புராவும் பதிவாகியிருக்கிறது. குரலைத் தூக்கினால் அதுவும் கூடவே ஏறும். ஏறி, நான் தனி டிராக்கில் வைத்திருக்கும் சுத்தமான தம்புராவோடு மோதி, வொய்ங் வொய்ங் என்று அலையடிக்கும். ஆகவே முதலில் குரலிலிருந்து தம்புராவைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் குரலின் ஓரம் அரிபட்டுப்போகிறது. சரி, வேறு டேக்கில், அதாவது இன்னொரு முறை பாடிப் பதிந்ததில், அதே ஸ்வரம் சேர்ந்து நிற்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்தால் அதை வெட்டி ஒட்டி, மூச்சுச் சத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு ஸ்வரத்துக்கு ஓர் இரவு போயிற்று. காலையில் பதில் வந்தது: "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்பிருந்த உயிர் இல்லை. பழையதையே வைத்துவிடுங்கள்."

வைத்தேன். பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் என் படமும் சுற்றிக்கொண்டிருக்கும்.

என் அம்மாவுக்கு இந்தப் பாடல்கள் வெளிவருவதற்கு முன்பே மனப்பாடம். அடுக்களையில் பாடுவார். சரணத்தில் எந்த எழுத்துக்குப் பிறகு பாடகி மூச்சு வாங்குகிறாரோ, சரியாக அங்கேயே அம்மாவும் வாங்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் அந்த ஒரு வரி எத்தனை முறை ஓடியிருந்தால் அப்படிப் பதியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் சரிசெய்து தருவது உன் கடமைதானே" என்பார்கள். கடமைதான். என் பிழையாக இருந்தால் நூறு முறை திருத்துவேன், ஒரு பைசா கேட்க மாட்டேன். மிருதங்கத்தின் தொப்பி, அந்தக் கனத்த இடப்பக்கம், குரலை மூடுகிறதா, 'ச'கரம் காதைக் கிழிக்கிறதா, சொல்லுங்கள். ஆனால் மிக்சிங் முடிந்த பிறகு புல்லாங்குழல் சேர்ப்பதும், பல்லவியில் சொல்லை மாற்றிப் பாடி அனுப்புவதும், சித்தப்பா மகன் காரில் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எனக்குத் திருப்பிவிடுவதும் திருத்தம் இல்லை. தைத்து முடித்த சட்டையைக் கொண்டுவந்து துணியை மாற்றித் தரச் சொல்வது அது. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "பேஸ் வரவில்லை" என்கிறவர்களை என்ன செய்வது? அந்த ஸ்பீக்கரின் அளவுக்கு பேஸ், அந்தக் கனமான கீழ் ஒலி, வராது ஐயா. அதற்கு நான் எதைத் திருத்துவது?

இன்னொரு கூட்டம் உண்டு: "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தார்களா?" பார்க்கத் தேவையே இல்லை. வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வாசித்துப் பாடி, டேக் சரியென்று இசையமைப்பாளர் தலையசைத்தால் பாட்டு முடிந்தது. யார் மைக்குக்கு அருகில், யார் தள்ளி என்பதெல்லாம் பதிவுக்கு முன்பே முடிவாகிவிடும். இன்று அந்த முடிவுகளில் ஒன்றைக்கூட எடுக்காமல், எண்பது டிராக்குகளாக, ஒரே வரிக்கு ஆறு டேக்குகளோடு அனுப்பிவைத்துவிட்டு, "நல்லதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். அங்கே எடுக்காத முடிவெல்லாம் என் மடியில் வந்து விழுகிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்துத் தயாரிப்போடும் வரட்டும்.

"இதைத்தான் இப்போது இணையதளமே செய்கிறதே." செய்கிறது. தானியங்கி மாஸ்டரிங், அதாவது கலந்து முடித்த பாட்டுக்குக் கடைசி மெருகு போடுவது, 2014 முதலே கிடைக்கிறது. தாராளமாகப் போங்கள். உங்கள் சித்தப்பா மகனின் கருத்தை அதனிடம் சொல்லிப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் பணம் இருக்காது என்பது மட்டும் நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் குறைத்தும் செய்திருக்கிறேன், சும்மாவும் செய்திருக்கிறேன். ஆனால் வீடியோவுக்கு டிரோன் வாடகைக்கு எடுக்கப் பணம் இருக்கிறது. வாத்தியம் வாசிக்க வந்தவருக்குக் கால்ஷீட் முடிந்ததும் கையில் கொடுக்கப் பணம் இருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் முறை வரும்போது மட்டும் எல்லோரும் ஏழைகளாகிவிடுவது எப்படி?

ராயல்டி பற்றியும் ஒரு வார்த்தை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாயிற்று. பாடகருக்கும் பங்கு உண்டு. நல்லது, அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிக்சிங் செய்கிறவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. நான் கேட்கவும் இல்லை. பாட்டு கோடிப் பேரிடம் போனாலும் எனக்கு வருவது அந்த ஒரு தொகைதான். அந்த ஒரு தொகைக்குள் இத்தனை இரவுதான் அடங்கும் என்று சொன்னால் திமிரா?

மேடையில் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயரைச் சொன்னால் கைதட்டுகிறீர்கள். நான்கு முறை தேசிய விருது பெற்றவர், 2008 இறுதியில் போய்ச் சேர்ந்தார். இன்றும் அவர் கலந்த பாடல்களைப் போட்டுப் புதிய ஸ்பீக்கரைச் சோதிக்கிறோம். 2009இல் ரெசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியபோது நம் வீட்டில் நடந்த விழாவைப் போலக் கொண்டாடினோம். விருது வாங்கிய ஒலிக்காரன் மேதை. விருது வாங்காத ஒலிக்காரன் கட்டணம் சொன்னால் ஸ்கிரீன்ஷாட்.

நான் யாரையும் தாக்கவில்லை. "உனக்கு வேலை வரவில்லை, அதனால்தான் பொருமுகிறாய்" என்று எழுதத் தயாராக இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். வேலை வருகிறது. காதில் இரைச்சலும் வருகிறது, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு. காது டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். எந்தத் திருத்தத்துக்கும் எந்தத் திருத்தத்துக்கும் நடுவில் கொடுப்பது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அந்த பக்திப் பாடல் போன மாதம் யூடியூபில் வெளியாயிற்று. கீழே விவரத்தில் ஒப்பனை, உடை, டிரோன், படப்பிடிப்புக்கு இடம் தந்த கோயில் நிர்வாகம், சிற்றுண்டி தந்த குடும்பம் எல்லோருக்கும் நன்றி இருக்கிறது. மிக்சிங் என்று ஒரு வரி இல்லை. தனிச்செய்தியில் கேட்டேன். "அடடா, விட்டுப்போயிற்று சார், அடுத்த பாட்டில் கட்டாயம் போட்டுவிடலாம்" என்று பதில் வந்தது. யூடியூபில் அந்த விவரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரு நிமிட வேலை, கட்டணமும் கிடையாது. அதையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கின்றன.