வழக்கு டெல்லியில், வகுப்பு வேப்பமரத்தடியில்

"கேஸ் டெல்லியில இருக்குங்க சார்." இதைச் சொல்லும்போது ஊராட்சி ஒன்றிய அலுவலக எழுத்தரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது பாருங்கள், அதைக் கண்டால்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. இனி என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்கிற நிம்மதி அது. எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டட வேலை ஏன் நின்றுபோனது, கேஸ் டெல்லியில். வந்த பணத்தில் எவ்வளவு செலவு, கேஸ் டெல்லியில். கழிப்பறைக்குக் கதவு எங்கே என்றாலும் கேஸ் டெல்லியில்தான் இருக்கும் போல.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். டெல்லி கேஸ் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீரில் நெல் போடுகிற ஊர் எங்களுடையது. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் 152, 136, 142 என்று அணை நீர்மட்டத்தின் அடிக்கணக்கை மூச்சுவிடாமல் சொல்வார். 2006 பிப்ரவரியில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி அதை முடக்கியது. தமிழ்நாடு மறுபடி வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்தது 2014 மே 7-ம் தேதி. எட்டு வருஷம். அந்த வழக்குப் போட்ட வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வரும்போது எட்டாம் வகுப்பை முடித்துவிட்டது.

தீர்ப்போடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பெரிய அணைக்குத் துணையாக இருக்கும் சின்ன அணையான பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது, அங்கே சத்தம் கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். எல்லை தாண்டிய வழக்கு என்றால் இதுதான் லட்சணம். (அணைக்குக் கீழே குடியிருக்கும் இடுக்கி மக்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பயப்படுவேன். அந்தப் பயத்தை வைத்து இரண்டு பக்கமும் அரசியல் செய்தவர்களைத்தான் சொல்கிறேன்.)

காவிரியை எடுத்துக்கொண்டாலும் அதே கதை. நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல், இறுதித் தீர்ப்பு 2007-ல், அதன்மேல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது 2018-ல். ஆற்றுக்கு அவசரம் கிடையாது, அடுத்த வருஷமும் மழை பெய்யும் என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஒரே ஒரு தடவைதான் வரும்.

இப்போது பள்ளிக்கூடப் பணமும் அதே ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது சமக்ர சிக்ஷா, 2018-ல் வந்தது. இதில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. 2024-25-க்கு ஒன்றிய அரசின் பங்காக ஒப்புக்கொள்ளப்பட்டது சுமார் 2,152 கோடி ரூபாய். அந்த வருஷம் அது வரவில்லை. ஒன்றிய அரசின் இன்னொரு திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு பணம் தருகிறோம் என்று டெல்லி சொன்னது. கையெழுத்துப் போட மாட்டோம் என்று சென்னை சொன்னது. 2025 மே மாதம், ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான தகராறை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்க வழிவிடும் அரசமைப்புச் சட்டத்தின் 131-வது பிரிவின் கீழ், தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முல்லைப்பெரியாறு வழக்கு போன அதே 131. கேட்ட தொகை 2,291 கோடி. அசலுக்கு மேல் 6 சதவீத வட்டியும் கணக்குப் போட்டுக் கேட்டிருந்தார்கள். கோடை விடுமுறைக் காலத்திலேயே அவசரமாக விசாரியுங்கள் என்று ஜூன் மாதம் கேட்டபோது, அப்படி ஒன்றும் அவசரம் இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அவசரம் இல்லையாம். சரி.

என் கோபம் முதலில் டெல்லி மேல்தான். ஒரு திட்டத்துக்கான பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்துக்குப் பிணையாகப் பிடித்து வைப்பதற்கு என்ன பெயர்? மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளம் அந்தப் பணத்தில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் கட்டணமும் இதில்தான் வருகிறது. அந்தக் கடைசிப் பகுதியையாவது கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. கொள்கையில் சண்டை இருந்தால் நாடாளுமன்றத்தில் போடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

பக்கத்து வீட்டுக் கதையையும் பாருங்கள். அணைக்காக எங்களோடு மல்லுக்கட்டும் கேரளத்துக்கும் இதே நெருக்கடிதான். 2025 அக்டோபரில் அவர்கள் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டணிக்குள் சண்டை வெடித்ததும் அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். கடன் வாங்கும் வரம்பு தொடர்பாக அதே 131-வது பிரிவில் கேரளம் போட்ட வழக்கு, 2024 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. குமுளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிள்ளைகள் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அணை என்றால் மட்டும் எல்லையில் மறியல், பள்ளிக்கூடம் என்றால் இரண்டு பக்கமும் அமைதி.

டெல்லிக்கு இது போதும். இனி வீட்டுக்குள் வருகிறேன். என் வயிற்றெரிச்சலில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடம் நின்றதற்கும் டெல்லி வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்தார்கள் அல்லவா, அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். நியாயமான உத்தரவு. எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் வந்தது. ஜே.சி.பி. வந்தது, ஒரே நாளில் தரைமட்டம். இடிப்பதில் நம் அரசு இயந்திரத்துக்கு இருக்கும் சுறுசுறுப்பு இருக்கிறதே, அதில் கால்வாசி கட்டுவதில் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அப்புறம் புதுக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. சுவர் லிண்டல் மட்டம் வரை எழுந்தது, அதோடு நின்றது. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, துருப்பிடித்து மழைத்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் செங்கலில் பழுப்புக் கோடு. முன்னால் ஒரு அறிவிப்புப் பலகை. திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், பணி ஆரம்பித்த நாள் எல்லாம் மஞ்சளில் பளிச்சென்று எழுதியிருக்கிறது. 'பணி முடித்த நாள்' என்பதற்கு எதிரே காலி. பிள்ளைகள் யாரோ அந்தக் காலி இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பூஜ்யமும் பெருக்கலும் விளையாடியிருக்கிறார்கள். இருப்பதிலேயே உருப்படியாகப் பயன்பட்ட இடம் அதுதான். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. நான்கும் ஐந்தும் வேப்பமரத்தடி. மழை வந்தால் எல்லோரும் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரம்.

அந்தப் பலகையில் இருப்பது மாநிலத் திட்டத்தின் பெயர். மாநிலப் பணம். இதில் டெல்லி எங்கே வந்தது?

ஒப்பந்ததாரரைக் கேட்டால், "பில் பாஸ் ஆகலண்ணே, நான் கைக்காசப் போட்டா கட்ட முடியும்?" என்கிறார். தலைமையாசிரியரைக் கேட்டால், பாவம், "கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தோடது சார், எங்க துறை கையில இல்ல" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பாடம் பள்ளிக் கல்வித்துறை, கட்டடம் ஊரக வளர்ச்சித்துறை. இரண்டு துறைக்கும் நடுவில் பிள்ளைகள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் பி.டி.ஓ. ஆபீஸ், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைப் போய்ப் பாருங்கள் என்பார்கள். பி.டி.ஓ. ஆபீஸில் இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். எந்த சைட்டுக்கு என்று தெரியவில்லை, எங்கள் சைட்டில் ஆட்டுக்குட்டி கட்டிக் கிடக்கிறது.

பஞ்சாயத்துத் தலைவரைப் பிடிக்கலாமே என்பீர்கள். தலைவர் எங்கே இருக்கிறார்? எங்கள் தேனி உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் போய்விட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமாவது சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். தனி அலுவலர் எதற்கு நம்மிடம் வரப்போகிறார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். கேட்டது மூன்றே விஷயம்: எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், ஏன் நின்றது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய அந்த மனு ஊர் சுற்றிய கதை தனி. ஓர் அலுவலகம் 6(3) பிரிவின்படி இன்னொரு அலுவலகத்துக்கு மாற்றியது. ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம், அதெல்லாம் காகிதத்தில்தான். மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்திலிருந்து வந்த பதில்: 'நிதி வரப்பெறவில்லை.' மாவட்டத்திலிருந்து வந்த பதில்: 'நிதி விடுவிக்கப்பட்டுவிட்டது.' இரண்டிலும் கோபுர முத்திரை, இரண்டிலும் பச்சை மையில் கையெழுத்து. இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரில் போய், இதில் எது சரி என்று கேட்டபோதுதான் அந்த வாசகம் வந்தது: "கல்வி நிதி சம்பந்தமா கேஸ் நிலுவையில இருக்கு, தகவல் தர முடியாது."

வாயில் வந்ததைச் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா? வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதே தகவலை மறுக்கக் காரணம் ஆகாது. நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை விதித்த தகவலையோ, வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகக்கூடிய தகவலையோதான் மறுக்கலாம் என்று 8(1)(பி) பிரிவில் இருக்கிறது. எங்கள் ஊர் லிண்டல் கணக்கை வெளியே சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் எப்போது தடை போட்டது? பெரிய சண்டை ஒன்று டெல்லியில் நடந்தால் சின்னத் திருட்டுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் அது குடை பிடிக்கிறது. மாநில உரிமைக்கான நியாயமான ஒரு வழக்கைத் தன் மேஜை டிராயருக்குப் பூட்டாகப் போட்டுக்கொள்கிறான் இங்கே ஒருத்தன். அந்த வழக்கை ஆதரிக்கிறவன் என்பதால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

மேலே உள்ளவர்களையும் விடுவதாக இல்லை. பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி, 18 ஆயிரம் வகுப்பறைகள் என்று 2022-ல் அறிவித்தார்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கும் மாநிலத்தில் அது தேவைதான். எந்தப் பள்ளிக்கு எத்தனை அறை, எவ்வளவு பணம், எந்த நிலையில் இருக்கிறது என்று ஊர் வாரியாக ஒரு பட்டியலை, ஒரு சாதாரண அம்மா செல்போனில் தட்டிப் பார்க்கிற மாதிரி போட முடியாதா? திறப்பு விழாவுக்கு மட்டும் எண்ணிக்கை சுத்தமாக வருகிறது. நின்றுபோன வேலைகளின் எண்ணிக்கையை மேடையில் வாசித்த எந்த மந்திரியையும், எந்தக் கட்சி ஆட்சியிலும், நான் பார்த்ததில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், தலைவர் ஒரு பெற்றோராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவி தோட்ட வேலைக்குப் போகிறவர். கட்டடத்தைப் பற்றித் தீர்மானம் போட்டு அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. கூட்டத்துக்காக அவர் விட்ட கூலி விட்டதுதான்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகினார்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வரவே பத்து வருஷம் ஆயிற்று. ராஜஸ்தானில் ஜாலாவார் மாவட்டத்தில் 2025 ஜூலையில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் செத்தால் மட்டும் ஒரே வாரத்தில் ஆய்வு, உத்தரவு, ஜே.சி.பி. எல்லாம் வந்துவிடுகிறது. உயிரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் அது 'பரிசீலனையில்'.

தகவல் உரிமைச் சட்டத்தில் 2(ஜெ) என்று ஒரு பிரிவு இருக்கிறது. கோப்பை நேரில் பார்க்கலாம், வேலை நடந்த இடத்தை ஆய்வு செய்யலாம், கட்டுமானப் பொருளில் சான்றளித்த மாதிரியும் கேட்டு வாங்கலாம். அடுத்த மனுவை அதில்தான் எழுதி வைத்திருக்கிறேன். நடந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம் வேண்டும், பில் நகல் வேண்டும், அந்தச் சுவரிலிருந்து சிமென்ட் கலவை ஒரு துண்டு வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில், நிதி பற்றி வந்த அந்த இரண்டு பதில்களையும் எங்கள் குழுத் தலைவியே சத்தமாக வாசிக்கப் போகிறார். தனி அலுவலர் கட்டாயம் வர வேண்டும். டெல்லியில் கேஸ் இருக்கிறது, வர முடியாது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.