கலாம் விமானப்படை விமானி அல்ல

ஒரு தம்பி கலாம் சுகோய் போர் விமானத்தில் இருக்கும் படத்தைப் போட்டு, நம்ம ராமேஸ்வரம் கலாம் ஐயா விமானப்படையில் விமானியாக இருந்துவிட்டு அப்புறம்தான் ராக்கெட் பக்கம் வந்தார் என்று எழுதியிருக்கிறார். தவறு. ஆசை இருந்தது, விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் வரை போனார். தேர்வில் 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்ததோ எட்டுப் பேரை. அதன்பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார், சீருடை போடவில்லை.

சுகோயில் அவர் பறந்தது 2006 ஜூன் 8, புனேயில். அப்போது குடியரசுத் தலைவர், வயது 74! விமானத்தின் பொறுப்பு உடன் இருந்த படை அதிகாரியிடம்தான். அதே பதிவில் வீணை வாசிப்பார் என்று இருப்பது சரி. நம்பாதவர்கள் பேய்க்கரும்பில் இருக்கும் அவருடைய நினைவிடத்தில் வீணையோடு இருக்கும் சிலையைப் பாருங்கள், ராமேஸ்வரம் போகிற வழிதானே.