சின்ன ரிவால்வர் கேட்பவர்களுக்கு

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் இருக்கிறேன் என்பது என் நட்பு வட்டத்துக்குத் தெரியும். அதனால் தண்ணீர் மோட்டார் பழுதானாலும் எனக்குத்தான் அழைப்பு வருகிறது, துப்பாக்கி வாங்க நினைத்தாலும் எனக்குத்தான் வருகிறது. சமீப காலமாக இரண்டாவது வகை அழைப்புகள் கூடிவிட்டன. இறால் பண்ணை வைத்திருப்பவர், நகை அடகு பிடிப்பவர், மீன் ஏலத்துப் பணத்தோடு இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக வருபவர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "இருப்பதிலேயே சின்னது எது? சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியக் கூடாது."

சின்னது என்பதை முதல் தகுதியாக வைத்துத் தேடுவதே கோணல் என்பது என் கட்சி. இந்தக் கரையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. விசையை இழுக்கும்போது துப்பாக்கி கையில் அசையாமல் நிற்கிறதா? உப்புக் காற்றை அது எவ்வளவு காலம் தாங்கும்? மறைப்பது மூன்றாவது. அதற்கு நல்ல தையல்காரர் ஒருவர் போதும்.

உரிமத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேரின் ஆசை இங்கேயே அடங்கிவிடும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. நம் மாவட்டத்தில் உரிமம் தரும் அதிகாரி ஆட்சியர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும், காவல் துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும், உடல்நலம் மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். "உமக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இல்லையென்றால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். உரிமம் கிடைத்தால், 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. நாட்டிலேயே அதிக உரிமங்கள் உத்தரப் பிரதேசத்தில்தான் இருக்கின்றன. அங்கே துப்பாக்கி கல்யாண வீட்டுப் பெருமையாகவும் இருக்கிறது. இங்கே அந்த வழக்கம் இல்லை, வரவும் வேண்டாம். கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது.

அடுத்த தொல்லை யூடியூப். கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்யும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஐந்து தோட்டா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரி ஒன்று வேண்டும்" என்றார். அவர் ரசனையைக் குறை சொல்ல மாட்டேன். கோல்ட் நிறுவனம் 1927இல் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்ற ஆறு தோட்டா ரிவால்வரை இரண்டு அங்குலக் குழலோடு கொண்டுவந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் ஒரு தோட்டாவைக் குறைத்து, தோட்டாக்கள் இருக்கும் உருளையை ஒல்லியாக்கி, சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. மறைத்து வைக்கும் ரிவால்வர் என்றால் இன்றும் உலகம் நினைப்பது அந்த உருவத்தைத்தான். துணியில் மாட்டாமல் இருக்க, தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலை உள்ளேயே வைத்து மூடிய வகையும் அங்கே 1950களிலேயே வந்துவிட்டது. பையிலிருந்து உருவும்போது எதுவும் தட்டாது.

ஆனால் அங்கே கடை வேறு, சட்டம் வேறு. 2022 ஜூனில் அவர்களின் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, தற்காப்புக்காகத் துப்பாக்கியோடு வெளியே போவது அரசியல் சட்ட உரிமை. பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டே கேட்பதில்லை. இங்கே .380, .455 (அங்குலக் கணக்கில் தோட்டாவின் பருமன்) ரிம் தோட்டா, அதாவது அடியில் விளிம்புள்ள தோட்டா, ராணுவ 9 எம்.எம். தோட்டா ஆகியவற்றைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி எல்லாமே தடைசெய்யப்பட்ட வகை. தனியார் இறக்குமதியும் 1980களின் நடுவிலேயே ஏறத்தாழ நின்றுபோனது. அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கை மாறிக் கை மாறி யானை விலைக்குப் போகின்றன. ஆகவே நமக்கு வாய்த்தது .32. காக்காவிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதே இல்லை.

ஏனென்றால், சின்ன ரிவால்வரைப் பற்றி அமெரிக்கர்கள் புலம்புவதில் பெரும்பகுதி .38 ஸ்பெஷல் தோட்டாவின் உதையை, அதாவது சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவதைப் பற்றியது. 400 கிராம் துப்பாக்கியில் அந்தத் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கை எரியும். இரண்டாவது தோட்டாவுக்குக் குறி பார்ப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். நம் .32 ரிவால்வர் தோட்டா 1896இல் பிறந்தது, சாதுவானது. சர்வதேச 25 மீட்டர் போட்டிகளில் இன்றும் அதைச் சுடுகிறார்கள் என்றால் அதன் அமைதிதான் காரணம். வலிமை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பயந்துகொண்டு சுடும் பெரிய தோட்டாவை விட, குறி தவறாமல் போடும் சின்னத் தோட்டா மேல்.

அப்படியானால் எடை குறைந்ததையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் யூடியூப் நமக்குச் சொல்லாத விஷயம் இருக்கிறது. எடை குறைந்த துப்பாக்கியில் நமக்குச் சிக்கல் உதையால் வருவதில்லை, விசையால் வருகிறது. பெரும்பாலான ரிவால்வர்களுக்கு விசையின் நீளமான, கனமான இழுப்புதான் பாதுகாப்பு. அது லேசாக இருக்கவும் கூடாது. ஒரே இழுப்பில் சுத்தியல் பின்னால் போய், உருளை சுழன்று, தோட்டா வெடிக்க வேண்டும். அதற்கு விரல் பல கிலோ அழுத்தம் கொடுக்கிறது. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோ. எது அசையும்? குழலின் முனைதான் அசையும். வலக்கைக்காரர் சுட்டால் தோட்டா கீழேயும் இடப்பக்கமும் போவதை எத்தனையோ இலக்குத் தாள்களில் பார்த்திருக்கிறேன். குழல் குட்டையாக இருந்தால், குறி பார்க்கத் துப்பாக்கி மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரமும் குறைவு. நூலளவு சாய்ந்தாலும் பத்தடி தள்ளி நிற்பவன் தப்பித்துவிடுவான், பக்கத்தில் நிற்பவர் மாட்டிக்கொள்வார்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடைக்காரரின் அனுமதியோடு, உருளையைத் திறந்து எல்லா அறையும் காலி என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, ஆள் இல்லாத சுவரை நோக்கிப் பிடியுங்கள். குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லிவிட்டு விசையை இழுங்கள். நாணயம் கீழே விழாமல் சுத்தியல் அடித்தால் அது உங்கள் கைக்கு ஏற்ற துப்பாக்கி. ராமநாதபுரத்தில் அடகுக் கடை நடத்தும் என் மதினிக்கு இப்படித்தான் பார்த்தோம். பெண்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொன்ன லேசான துப்பாக்கியில் நாணயம் ஒவ்வொரு முறையும் உருண்டது, கனமானதில் நின்றது. மதினியின் விரல்கள் குட்டை. விசையை எட்டிப் பிடிக்கவே பிடியைச் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடியின் பருமன் கைக்குப் பொருந்துகிறதா என்பதை விளம்பரம் சொல்லாது.

விளம்பரத்தில் வருபவற்றையும் சொல்லிவிடுகிறேன். கான்பூரில் 2014இல் வந்த நிர்பீக், டைட்டானியக் கலவையில் செய்த .32 ரிவால்வர். எடை ஏறத்தாழ அரைக் கிலோ, வந்தபோதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. டெல்லியில் 2012இல் நடந்த கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று கொண்டுவந்தார்கள். எத்தனை பெண்களால் அந்த விலை கொடுக்க முடியும் என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்வி. இஷாப்பூர் தொழிற்சாலையின் நிடர் .22 ரிவால்வர் வெறும் கால் கிலோ. அதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பிறகு 2023இல் வந்தது பிரபல் என்ற ரிவால்வர். முந்தைய கான்பூர் ரிவால்வர்கள் நடுவில் மடிந்து திறப்பவை, இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வருகிறது. குழல் 76 மில்லிமீட்டர், எடை 700 கிராமை ஒட்டி. மடிந்து திறக்கும் வகையில், பழகப் பழகக் கீல் தளரும். பழைய துப்பாக்கியை இன்னொருவரிடமிருந்து விலைக்கு வாங்குபவர்கள் குழலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இப்போது உப்புக்கு வருகிறேன். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே பெரும் வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. இந்தக் காற்றில் ஒரு நீலக் கருப்புப் பூச்சு ரிவால்வரை வியர்வை நனைந்த இடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? முதலில் துரு வருவது வெளியே இல்லை, பிடியின் மரத்தகட்டுக்கு அடியில். அங்கே ஒரே ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால் செம்பழுப்பாக மாவு மாதிரி உதிரும். வெளியே எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பவர்கள் அந்தத் திருகாணியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகு.

தோலுறை இன்னொரு எதிரி. பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெளியே போகும்போது அதில் வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். தோட்டாவைத் தோல் பட்டையில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறிய தோட்டா உருளையின் அறைக்குள் முழுதாக இறங்காது. மணல் அதைவிடக் கள்ளத்தனமானது. வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ள, உருளையின் பின்புறம் நட்சத்திர வடிவில் ஒரு தகடு இருக்கும். தனுஷ்கோடிக் காற்றில் பறக்கும் மணலில் ஒரு துகள் அதற்கு அடியில் போனால் போதும், தகடு முழுதாக அமராது, உருளை இறுகிவிடும், விசை நகராது. கோளாறே வராது என்று பெயர் வாங்கிய ரிவால்வர் ஒரு மணல் துகளுக்கு நின்றுவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறைப்பது பற்றி. நம் நாட்டில் மறைத்துச் செல்வது சலுகை இல்லை, விதியே அப்படித்தான். 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், முழுதாக மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டுவதற்குத் தடை. ஆகவே கைலிக்கு மேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டின் பணப்பையில் செருகிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். சில்லறையும் சாவிக்கொத்தும் விசையோடு உறவாடும் இடம் அது. இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலும் வேண்டாம். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் அழுத்தமான பெல்ட், மேலே தொளதொளவென்ற சட்டை. எழுநூறு கிராம் இதில் மறையும். மெல்லிய வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டினால் கால் கிலோவும் மறையாது.

எதை வாங்குவது என்று இன்னமும் கேட்பவர்களுக்கு: வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் போடுபவர் என்றால் பக்கவாட்டில் திறக்கும் 700 கிராம் வகை. துடைக்க மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் டைட்டானியம், அதோடு நாணயப் பயிற்சியை இரட்டிப்பாகச் செய்யுங்கள். ரைபிள் கிளப்பில் சேர்ந்து சுட்டுப் பழகவும் மாட்டேன், துடைக்கவும் மாட்டேன் என்றால் அந்தப் பணத்தில் கடைக்குக் கேமராவும் நல்ல இரும்புப் பெட்டியும் வாங்குங்கள், ஏலப் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சாயல்குடிப் பக்கம் இருபுறமும் கருவேலங்காடாக இருக்கும் சாலையில் இரவு பத்து மணிக்கு ரொக்கத்தோடு வராமல் இருப்பது எந்த ரிவால்வரையும் விடப் பாதுகாப்பு. தற்காப்பு உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் கொடுத்திருக்கிறது, எல்லைகளோடுதான் கொடுத்திருக்கிறது. பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்டினால் நீதிமன்றம் ஏற்காது.

கடைசியாக ஒன்று. தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபர் என்றாலே தடையுத்தரவு வழக்கம், அப்போது உத்தரவு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள்ளும் பிடிக்கு அடியிலும் கெட்டி எண்ணெய் போட்டு, தோலுறை இல்லாமல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே உருளையைச் சுழற்றிப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.