72 மணி நேரத்துக்கு அப்புறம்

கேஸ் ஷீட்டில் நானே என் கையால் எழுதிய ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிரசவ வார்டில் நைட் டியூட்டி. ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். தலைப்பிரசவம், பெண்ணுக்கு இருபத்துமூன்று வயசு இருக்கும். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே கை வைத்துப் பார்ப்போம், எங்கள் பாஷையில் ‘பி.வி.’. கையுறை மாட்டும் சத்தம் கேட்டாலே அந்தப் பெண் கட்டிலின் தலைமாட்டுக்கு ஏறிப் போய்விடுவாள். முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வலியில் கத்தாதவள், கையுறையைப் பார்த்துக் கத்தினாள். “புருஷன்கிட்ட போகும்போது இந்த வெட்கம் எங்க போச்சு?” என்று ஒரு சீனியர் கேட்டார். பிரசவ அறையில் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த வசனம் புதுசாக இருக்காது. நானும் சிரித்தேன். அப்புறம் ஷீட்டில் எழுதினேன்: ‘பேஷன்ட் நாட் கோஆப்பரேட்டிவ்’.

விடியற்காலையில் குழந்தை பிறந்து, தையல் எல்லாம் போட்டு முடித்தபின் பால் ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அக்கா, எங்க மாமா ஒருத்தர் இருந்தார். அப்ப எனக்கு ஒன்பது வயசு.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் “பாலைக் குடிம்மா” என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் படித்த நர்ஸிங்கில் அதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

பாலியல் வன்கொடுமை செய்தி ஒவ்வொன்று வரும்போதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “தூக்குல போடணும்” என்று வரிசையாக வரும். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை வந்தபோது பட்டாசு எமோஜி போட்டார்கள். போடட்டும், எனக்கும் நிம்மதிதான். ஆனால் 2019-ல் வெளியே வந்த வழக்கு அது. நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அந்தப் பெண்களுக்குத் தூக்கம் வந்ததா, மாதவிலக்கு ஒழுங்காக வந்ததா, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம் ஊரில் இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் உண்டு, கோர்ட் உண்டு, டிவி விவாதம் உண்டு. வைத்தியம் மட்டும் முதல் மூன்று நாளோடு முடிந்துவிடுகிறது.

அந்த முதல் மூன்று நாளாவது ஒழுங்காக நடக்கிறதா? சட்டத்தைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, யாராக இருந்தாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 2013-லிருந்து இது சட்டம். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397-ஆவது பிரிவு. மறுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே விரிவான வழிகாட்டி நெறிமுறை போட்டிருக்கிறது. போலீஸ் மெமோ இருந்தால்தான் தொடுவேன் என்று சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் புகார் கொடுக்க விரும்பவில்லை என்றால் அதை எழுதிக்கொண்டு வைத்தியத்தைத் தொடர வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் இப்படிப் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் போனேன். வியாசர்பாடியிலிருந்து கிளம்பி முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. “இங்க எம்.எல்.சி. பார்க்கறதில்ல, ஜி.எச். போயிடுங்க.” எம்.எல்.சி. என்றால் போலீஸுக்குத் தகவல் போக வேண்டிய கேஸ். நானும் இந்தத் தொழில்தான், பிரிவு நம்பர் எல்லாம் சொன்னேன். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், பாவம், மேலிடத்துக்கு போன் போட்டுவிட்டு வந்து அதையே மறுபடி சொன்னார். அடுத்து போன இடத்தில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்து, தாக்குதல் கேஸ்களைப் பதியும் பதிவேடு) போடும் மேஜை கேஷுவால்டி வாசலிலேயே இருந்தது. பக்கத்தில் பைக்கில் விழுந்து கால் உடைந்த ஒருவர், அவருடைய ஐந்து நண்பர்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி “என்ன ஆச்சு, யாரு பண்ணது?” என்று கேட்டார்கள். அந்தப் பெண் துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நீலமாகிவிட்டது. நான்தான் பிரித்துவிட்டேன்.

உள்ளே போனபின் பார்த்த டாக்டரம்மா தங்கமானவர், அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டார். பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டு, ஏற்கெனவே உறவுப் பழக்கம் உண்டா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்யவில்லை. அதை நிறுத்தச் சொல்லி 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதே வருஷம் அக்டோபரில், இனிமேல் செய்கிறவர்கள் நன்னடத்தை தவறியவர்கள் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. கர்ப்பம் தங்காமல் இருக்க மாத்திரை, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, பால்வினை நோய்க்கான மருந்து, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை, எல்லாம் கிடைத்தன. எச்.ஐ.வி. மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், சீக்கிரமாக ஆரம்பித்தால் அவ்வளவுக்கு நல்லது. (அவசர கருத்தடை மாத்திரையைச் சென்னையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். மற்ற மாநிலங்களில் சீட்டில்லாமல் கொடுப்பதை இங்கே கேட்டாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள். அது தனிப் பதிவு.)

சரி, 28 நாள் மாத்திரை கொடுத்து அனுப்பியாயிற்று. அப்புறம்?

அது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வரும். எடுத்தால் கலகலவென்று சத்தம் போடும். ஒரே அறையில் அம்மா, அப்பா, தம்பி, பாட்டி என்று வாழும் பெண் அதை எங்கே வைப்பாள்? அந்தப் பெண் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து, நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். வாந்தி வருகிறது என்று ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டாள். எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வரவில்லை. காசநோய்க்கு மாத்திரை நிறுத்தினால் வீடு தேடி வருகிற சுகாதாரத் துறை இது. அந்தத் திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை.

கவுன்சலிங் கதை இன்னும் மோசம். டிஸ்சார்ஜ் தாளில் ‘கவுன்சலிங் கிவன்’ என்று எழுதுவோம், டெட்டனஸ் தடுக்கும் டிடி ஊசி போட்ட மாதிரி. இருபது நிமிஷம், “நடந்ததை மறந்துட்டு படிப்புல கவனம் செலுத்தும்மா.” மறக்க முடிந்தால் அவள் ஏன் வருகிறாள்? ஆபத்து நேரத்தில் சிலருக்கு உடம்பு ஓடாது, கத்தாது, உறைந்துபோகும். அது மூளை செய்கிற வேலை, சம்மதம் இல்லை. “ஏன் கத்தலை?” என்ற கேள்விக்குப் பதில் இதுதான் என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவராவது சொன்னால் பாதிப் பாரம் இறங்கும். அதற்கு மேல் முறையான சிகிச்சைகளும் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் மனநல சிகிச்சை, கண்ணசைவை வைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்று இரண்டையும் 2013-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. வாரா வாரம், மாதக்கணக்கில் செய்ய வேண்டியவை. பயிற்சி பெற்றவர்களும் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தனியாரில், ஒரு தடவைக்கே வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும் கட்டணத்தில்.

அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே நல்ல டாக்டர்கள் உண்டு, 1794-ல் தொடங்கிய இடம். ஆனால் அது இருக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். “எம்பொண்ணுக்கு என்ன பைத்தியமா?” என்று அந்தத் தெருப் பெண்ணின் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிகிச்சை பெண்கள் ஏற்கெனவே போய்வருகிற இடத்தில் இருக்க வேண்டும். கோஷா ஆஸ்பத்திரி, எழும்பூர் தாய்சேய், மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று. அங்கே போகிறவளை “எதுக்குப் போற?” என்று தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். மும்பையில் 2000-களின் தொடக்கத்திலேயே பாந்திராவின் பாபா ஆஸ்பத்திரியில், மாநகராட்சியும் செஹாத் என்ற அமைப்பும் சேர்ந்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ‘திலாசா’ என்று ஒரு பிரிவைத் தொடங்கின. மற்ற ஓ.பி.க்களைப் போல அதுவும் ஓர் அறை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1986-லேயே செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனி மையம் வந்துவிட்டது. போலீஸ் இல்லாமல் நேராகப் போகலாம், தடயத்தை எடுத்துப் பத்திரமாக வைப்பார்கள், புகார் கொடுப்பதா என்று அந்தப் பெண் ஆற அமர முடிவு செய்யலாம்.

நம்மிடமும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன, 2015-ல் வந்த திட்டம். சென்னையில் குழந்தைகளுக்கான துளிர், பெண்களுக்கான பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள் இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த வேலையில் இருக்கின்றன. 181-க்குப் பெண்கள் கூப்பிடலாம், குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416. குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் பெண்கள் தொலைந்துபோகிறார்கள். “அங்க போம்மா” என்று துண்டுச்சீட்டு கொடுத்தால் பத்தில் எத்தனை பேர் போவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பையன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சொன்னார்கள். அவர்களில் பையன்களும் ஏறக்குறைய சரிபாதி. போக்சோ சட்டம் பையனையும் குழந்தை என்றே பார்க்கிறது, நல்லது. பதினெட்டு தாண்டிய ஆணுக்கு அதுவும் இல்லை. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில், ஆண் மீதான பலவந்தத்துக்கும் பயன்பட்ட பழைய 377-ஆவது பிரிவுக்கு ஈடான பிரிவே கிடையாது. அப்படி ஒருவன் எந்த ஓ.பி.யில் போய் உட்காருவான்? மூல வியாதி என்று சொல்லிக்கொண்டு சர்ஜரி ஓ.பி.க்கு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். திருநங்கைகள் படும் பாட்டை அவர்களே எழுதட்டும். எந்த வார்டில் போடுவது என்ற முதல் கேள்வியிலேயே நாங்கள் அரை மணி நேரம் நின்றதுண்டு.

ரகசியம் காப்பதில் நாங்கள் மகா மோசம். அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்ததற்கு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர்நீதிமன்றம். எல்லோரும் போலீஸைத் திட்டினோம். எங்கள் வார்டில் ஷிப்ட் மாறும்போது “ஏழாம் நம்பர் பெட், ரேப் கேஸ்” என்று சத்தமாகச் சொல்லி ஒப்படைக்கிறோமே, அதற்கு யார் அபராதம் போடுவது?

முதல் மூன்று நாள் தாண்டி, மூன்று வருஷம், முப்பது வருஷம் கழித்தும் இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வேறு நோய்க்கு வருவார்கள். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறக்க முடியாமல் அழுகிறவர் இருக்கிறார். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டு மூன்று தடவை வராமல் போகிறவர் இருக்கிறார். உள்வழி ஸ்கேன் என்றதும் ரத்த அழுத்தம் எகிறுகிறவரும் உண்டு. எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை, பயம் பல காரணத்தால் வரும். யார் என்று நமக்குத் தெரியாது என்பதால்தான் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் சொல்கிறேன். தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். “நிறுத்துன்னா நிறுத்திடுவேன்” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே நிறுத்த வேண்டும். திரையை இழுத்து விட வேண்டும். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை. “நூறு பேர் கியூவில் நிற்கும்போது இதுக்கெல்லாம் நேரம் ஏது சிஸ்டர்?” என்று என் தோழியே கேட்டாள். நியாயமான கேள்விதான். பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடலாம் என்று சொன்னபோதும் ‘இடமில்லை, கூட்டமாகும்’ என்றுதான் முணுமுணுத்தோம். இன்று துணைக்கு ஆள் இல்லை என்றால் நாங்களே தேடுகிறோம். கையுறையைப் பார்த்துப் பயப்படுகிறவளிடம் இரண்டு நிமிஷம் பேசினால், அப்புறம் அவளைப் பிடித்து வைக்க நாலு பேர் தேவைப்படாது. கணக்குப் போட்டால் நேரம் மிச்சம்தான்.

எங்கள் நர்ஸுகளிலேயே இதைக் கடந்து வந்தவர்கள் உண்டு. அவர்கள் அந்த டியூட்டியைப் பார்த்துவிட்டு ஓய்வறையில் போய் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. என்ன, நானும்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு டிரெயினிங் மாணவி ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ‘பேஷன்ட் நாட் கோஆப்பரேட்டிவ்.’ பதினோரு வருஷத்துக்கு அப்புறமும் அதே வரி, வேறு கையெழுத்து.

“அதை அடிச்சுட்டு, ‘பரிசோதனைக்குப் பயப்படுகிறார், நேரம் கொடுக்கவும்’னு எழுது.”

“டாக்டர் திட்டுவாங்களே சிஸ்டர்?”

“என் பேரைச் சொல்லு.”

காலை ரவுண்ட்ஸில் திட்டத்தான் செய்தார். திட்டிக்கொண்டே திரையை இழுத்துவிட்டார்.