அறுபதுக்குப் பிறகு மலை

எங்கள் மலையேற்றக் குழுவில் இந்தக் கேள்வியை வாங்காத ஆளே இல்லை. மகன் கேட்கிறான், மருமகள் கேட்கிறாள், அடிவாரத்தில் டீ ஆற்றுகிறவர் கேட்கிறார்: "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" எல்லோரும் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வயதானவரின் உடம்பு இனிப் பத்திரப்படுத்தி வைப்பதற்குத்தான், செலவழிப்பதற்கு இல்லை என்ற தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"வயது வெறும் எண்தான்" என்று ஒரு தயார் பதில் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசை கரைகிறது. உழைப்பின் உச்சத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவும் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் சரிகிறது. ஏற்றத்தில் நெஞ்சும் இறக்கத்தில் முழங்காலும் இந்தக் கணக்கை நமக்கு நன்றாகவே சொல்லிவிடும். வயதை மறுத்துக்கொண்டு மலை ஏற முடியாது. அதை ஒத்துக்கொண்டவரால்தான் ஏற முடியும்.

சாதனைக் கணக்கும் என்னை ஈர்ப்பதில்லை. ஜப்பானின் யூச்சிரோ மியூரா 2003ல் 70 வயதில் எவரெஸ்ட் ஏறினார், 2008ல் 75 வயதில் மறுபடியும் ஏறினார். அதே ஆண்டில் நேபாளத்தின் மின் பகதூர் சேர்சன் 76 வயதில் உச்சியைத் தொட்டார். 2013ல் மியூரா 80 வயதில் ஏறி அந்தச் சாதனையை முறியடித்தார். இறங்கும்போது இரண்டாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் வந்தார். சாதனையை மீட்டே தீர வேண்டும் என்று 85 வயதில் மறுபடி போன சேர்சன், 2017 மே மாதம் அடிவார முகாமிலேயே இறந்துபோனார். இருவருடைய மன உறுதியையும் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வயதிலும் இன்னொருவர் என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டே மலை ஏற வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் மனதில் நிற்பவர்கள் வேறு இருவர். ஒருவர் ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் சோரியா. 1939ல் பிறந்தவர், சோபாக்களுக்கு உறை தைக்கும் தொழிலாளியாக இருந்தவர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்களில் அவர் ஏறியவற்றில் பெரும்பாலானவை அறுபது வயதுக்குப் பிறகு ஏறியவை. இன்னொருவர் ஜப்பானின் ஜுன்கோ தபெய். 1975ல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் பெண். 2012ல் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அவர் மலையை விடவில்லை. 2016 ஜூலையில், நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட பகுதிகளின் பள்ளி மாணவர்களோடு ஃபூஜி மலைக்குப் போனார். அக்டோபரில் மறைந்தார். அந்தக் கடைசிப் பயணத்தில் அவர் முறியடிக்க வேண்டிய சாதனை எதுவும் இல்லை.

சேலத்தில் பிறந்தவர்களுக்கு மலை புதிது இல்லை. வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எந்தத் தெரு முனையில் நின்றாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஏற்காட்டை பஸ் ஜன்னல் வழியாக, 20 கொண்டை ஊசி வளைவுகளாகத்தான் அறிந்திருக்கிறோம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது வார நாட்களில் கந்தாஸ்ரமத்துப் படிகள், அமாவாசைக் கூட்டம் இல்லாத நாட்களில் கஞ்சமலை, மாதத்தில் ஓரிரு ஞாயிறு சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைகள்.

அப்படி ஒரு ஞாயிறு, மாரமங்கலம் பக்கத்து ஏற்றத்தில்தான் எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவரைப் பார்த்தேன். எழுபது வயதுக்குக் குறையாத ஒரு மலையாளிப் பெண்மணி. (வெளியூர் நண்பர்களுக்காக: இங்கே மலையாளி என்பது சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களைக் குறிக்கும், அவர்கள் பேசுவது தமிழ்.) தலையில் சும்மாடு, அதன்மேல் சாக்கில் கட்டிய பலாப்பழம், காலில் செருப்பு இல்லை. நாங்கள் நுனிக்காலை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தோம்; கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அவர் பாதத்தை முழுதாகப் பதித்தார். அடி ஒரு சாணுக்குமேல் இருக்காது. செங்குத்தான இடங்களில் நேராக ஏறாமல் குறுக்கே வளைந்து வளைந்து போனார். பின்காலின் முட்டியை நேராக்கி, எடை முழுவதையும் அதன்மேல் ஒரு நொடி இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் முன்காலுக்கு மாறினார். எங்கேயும் நின்று இளைப்பாறவில்லை. இளைப்பாறுதல் ஒவ்வொரு அடிக்குள்ளும் இருந்தது.

"எப்படியம்மா இவ்வளவு சுலபமாக ஏறுகிறீர்கள்?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"மூச்சு வாங்கும்போது பேசாதே கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்தார்.

அவரிடம் யாரும் "இந்த வயதில் எதற்கு" என்று கேட்பதில்லை. உண்மையில் கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் எழுபது வயதில் ஒருவர் மலையை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கேள்வியை நாம் அவரிடம் இல்லை, ஆட்சியில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். எனக்கு மலை விருப்பம். அவருக்கு அது அன்றாடம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு நான் எதையும் எழுத விரும்பவில்லை.

அந்த நடைதான் என்னைக் கிளிமஞ்சாரோவின் உச்சிக்குக் கொண்டுபோனது. தான்சானியாவில் இருக்கும் அந்த மலை 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. வழக்கமான பாதைகளில் கயிறும் பனிக்கோடரியும் தேவையில்லை, நடந்தே உச்சிக்குப் போகலாம். அதனால் வயதானவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அங்கே வழிகாட்டிகள் சொல்லிக்கொடுத்த நடை மாரமங்கலத்து ஏற்றத்தில் நான் பார்த்த அதே நடைதான். சின்ன அடி, முழுப் பாதம், அவசரம் கூடாது. எங்கள் கூடாரங்களையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு எங்களைக் கடந்துபோன சுமைதூக்கும் பிள்ளைகளை, அங்கே இருந்தவரை ஒரு நாளும் வணங்காமல் விட்டதில்லை. ஒருவர் 20 கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு அந்த உயரத்தில் நடப்பதே சாமானியமான காரியம் இல்லை.

உயர மலையில் வயது நமக்கு எதிராக மட்டும் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று வரும் மலைநோய் 2,500 மீட்டருக்குமேல் யாரை வேண்டுமானாலும் பிடிக்கும். அது இளைஞர்களைவிட முதியவர்களை அதிகமாகப் பிடிப்பதில்லை. மலைநோய்க்கு முக்கியக் காரணம் ஏறும் வேகம். 3,000 மீட்டருக்குமேல், முந்திய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. இளைஞர்களுக்கு இந்தப் பொறுமை கஷ்டம். எங்களுக்கு அது வீட்டுப் பழக்கம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி சுமார் 1,620 மீட்டர்தான். அது கால்களைத் தயாராக்கும், ஆனால் உயரத்துக்கு உடம்பைப் பழக்காது. அதற்கு மலையிலேயே நாட்களைச் செலவிட வேண்டும். அதனால்தான் நாள் அதிகம் பிடிக்கும் லெமோஷோ பாதையைத் தேர்ந்தெடுத்தோம்.

எங்களோடு வந்தவர்களில் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர். கொலுசில் முத்து கோப்பதுபோலத்தான் அவர் அடி எடுத்து வைப்பார், ஒன்று சரியாக உட்கார்ந்த பிறகே அடுத்தது. உச்சிக்குப் போகும் இரவில், பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும் தெரியும். பாதி ஏற்றத்தில் அண்ணன் வாந்தி எடுத்தார். வழிகாட்டி அவரை ஒரு நேர்கோட்டில், ஒரு குதிகாலை அடுத்த பாதத்தின் பெருவிரலோடு ஒட்டவைத்து நடக்கச் சொன்னார். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் முதலில் குலைவது நடையின் சமநிலை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. இரண்டாவது முயற்சியில் அண்ணன் லேசாகத் தள்ளாடினார். வழிகாட்டி வாய் திறப்பதற்கு முன்பே, "நான் இறங்குகிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள் அம்மா" என்று என்னிடம் சொன்னார். அவர் குரலில் தோல்வி இல்லை. துணை வழிகாட்டியோடு இறங்கினார். கீழே வந்ததும் தலைவலி குறைந்துவிட்டது.

நான் உச்சிக்குப் போனேன். பனிப்பாறைகளின்மேல் வெயில் விழுவதைப் பார்த்தேன், அழுதேன். ஆனால் ஏன் ஏறுகிறோம் என்ற கேள்விக்குப் பதிலாக என் உச்சியைக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் திரும்பியதைத்தான் காட்டுவேன்.

ஏனென்றால், அறுபதைத் தாண்டியதும் நம்மைச் சுற்றி ஒரு நிர்வாகம் உருவாகிவிடுகிறது. மாத்திரை டப்பாவை மகள் நிரப்புகிறாள். மாடிப்படி வேண்டாம் என்று மகன் கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றுகிறான். கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எழுந்திருக்காதீர்கள், எல்லாம் உங்கள் இடத்துக்கே வரும்" என்கிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் உடம்பைப் பற்றிய முடிவுகள் ஒவ்வொன்றாக நம் கையைவிட்டுப் போகின்றன. மலையில் அவை திரும்பி வருகின்றன. அடுத்த அடியை எந்தக் கல்லில் வைப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, எங்கே போதும் என்று சொல்வது, எதையும் எனக்காக இன்னொருவர் முடிவு செய்ய முடியாது. அண்ணன் திரும்பியதும் அந்த உரிமையின் பேரில்தான்.

பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2022ல் பெங்களூரைச் சேர்ந்த 62 வயதுப் பெண்மணி ஒருவர் சேலை கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து அகத்தியமலை ஏறிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பிலேயே நாற்பது ஆண்டு போய்விட்டதாம். நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு அறுபதுக்குப் பிறகுதான் முதல் ஓய்வு நாளே வருகிறது!

நம் மரபுக்கும் இது அந்நியம் இல்லை. காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறினார் என்கிறோம். தள்ளாத வயதில் கயிலைக்குப் புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார், கை தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார், பிறகு உருண்டார். திரும்பிப் போ என்று ஒருவர் சொன்னபோதும் மறுத்தார். கடைசியில் அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது திருவையாற்றில். ஆடி அமாவாசையன்று இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி அதைக் கொண்டாடுகிறார்கள். அவருக்காகக் கண் கலங்குகிற நாம், நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் மலைக்குப் போகிறேன் என்றால் பதறுகிறோம்.

பதற்றத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறப் போனவர்கள் வழியிலேயே மாரடைப்பால் இறந்த செய்திகள் அண்மை ஆண்டுகளில் வந்தன. அவர்களில் முதியவர்கள் மட்டும் இல்லை. பயிற்சி இல்லாமல், பரிசோதனை இல்லாமல், ஒரே இரவில் ஏறி இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எந்த வயதினரையும் கொல்லும். கயிலாய யாத்திரைக்கு நம் அரசு 70 வயது என்று வரம்பு வைத்து, உடல் பரிசோதனையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பரிசோதனை முழுக்க நியாயம். வயது வரம்பில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. எழுபத்திரண்டு வயதில் கஞ்சமலையை என்னைவிட நிதானமாக ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் அம்மாவோ அப்பாவோ மலை ஏற ஆசைப்படுகிறேன் என்றால் "எதற்கு" என்று கேட்காதீர்கள். இதய மருத்துவரிடம் அழைத்துப் போய் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் செய்யுங்கள். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் நல்ல ஷூவும், இறக்கத்தில் முழங்காலைக் காக்க இரண்டு ஊன்றுகோல்களும் வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம் படி ஏறி இறங்கட்டும். 2024ல் வனத்துறை தமிழகமெங்கும் 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறும் நம் சேர்வராயன் பாதையும் அதில் ஒன்று. முன்பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போகலாம். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். முன்னால் ஓடாமல் அவர்களுக்குப் பின்னால் நடங்கள். எப்போது நிற்பது என்பதை அவர்கள் சொல்லட்டும்.