ஆறு டிஸ்க், 1,494 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட போட்டோவையும், அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். தள்ளுபடியில் ஆறு ப்ளூ ரே டிஸ்க் வாங்கினேன். டிவிடி மாதிரிதான், படம் அதைவிடத் துல்லியமாகத் தெரியும். எல்லாம் பழைய கார்ட்டூன் படங்கள், ஒன்று 249 ரூபாய். சந்தோஷத்தில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துப் போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"வண்ணாரப்பேட்டையில ப்ளூ ரேவா? கலி முத்திடுச்சு."

இந்த ஒரு வரிக்கு 43 பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் என் கல்யாணத்துக்கு வந்து இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பரவாயில்லை, சிரிக்கட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கினேன். என் அலமாரியில் இருக்கிறது. என்னைக் கேட்காமல் யாரும் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது.

'எல்லாம்தான் ஓடிடியில் இருக்கே' என்று ஒரு அறிவாளி. இருக்கிறதா? போன வருடம் மகளும் நானும் ஒரு ஜப்பான் படத்தைப் பாதி பார்த்துவிட்டு, மீதியை நாளைக்கு என்று வைத்தோம். அவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் தள்ளிப்போனது. திரும்பத் தேடினால் படமே இல்லை. சந்தா மட்டும் சரியான தேதிக்கு வங்கியிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. "அப்பா, அந்தப் படம் எங்க போச்சு?" என்ற ஏழு வயசுப் பிள்ளைக்கு உரிம ஒப்பந்தம் பற்றி எப்படி விளக்குவது? மற்றவரிடம் உரிமம் வாங்கிப் போடுகிற படத்தை விடுங்கள். 2023 மே மாதத்தில் டிஸ்னி பிளஸ் தானே தயாரித்தவற்றையே டஜன் கணக்கில் தூக்கியது. வீட்டுக்காரனே தன் வீட்டுச் சாமானைத் தெருவில் வைக்கும்போது வாடகைக்காரன் என்ன பண்ணுவான்? ஓடிடியில் நாம் எல்லாருமே வாடகைக்காரர்கள். நான் ஆறே ஆறு படத்துக்காவது சொந்தக்காரன்.

அப்புறம், கார்ட்டூன்தானே, அதில் எதற்குத் துல்லியம் என்று கேட்டவருக்கு. 1961இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஓவியர் பென்சிலில் வரைந்ததை வேறு ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தாளில் மையால் நகல் எடுப்பார்கள். இந்தப் படத்தில் அந்த வேலையை ஜெராக்ஸ் செய்தது. ஆமாம், நம்ம தெருமுனைக் கடையில் ரேஷன் கார்டுக்கு எடுக்கிறோமே, அதே ஜெராக்ஸ்தான். அதனால் வரைந்தவருடைய பென்சில் கோடு, அதன் சொரசொரப்போடு திரையில் அப்படியே தெரியும். நல்ல டிஸ்கில் பார்த்தால் கோடு நடுங்குவதுகூடத் தெரிகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு கை, என் வீட்டு டிவியில். இது உங்களுக்குக் காமெடியாக இருந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

டிஸ்க் என்றாலே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. 2012இல் வந்த 'சிண்ட்ரெல்லா' ப்ளூ ரேயில் பழைய பிலிமில் தெரிகிற புள்ளியைத் துடைக்கிறேன் என்று கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். 2023இல் ப்ளூ ரேயைவிடத் துல்லியமான 4கே டிஸ்க் வந்தபோதுதான் அது சரியானது. ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

'சோனியே ப்ளூ ரேயை நிறுத்திட்டான், நீ இப்பதான் வாங்கறியா' என்று செய்தி ஒட்டியவர் அந்தச் செய்தியை முழுசாகப் படித்திருக்கலாம். 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது நாமே பதிவு செய்துகொள்ளும் வெற்று டிஸ்கை. படம் பதித்து விற்கிற டிஸ்கை இல்லை. சரி, தள்ளுபடியில் கிடைக்கிறது என்றாலே கடையைக் கட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இருக்கலாம். அதற்காகத்தான் இப்போதே வாங்குகிறேன்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது இன்னொன்றுக்கு. "பர்மா பஜார்ல திருட்டு விசிடி வாங்கின கூட்டம்தானே" என்று ஒருவர்.

வாங்கினோம். 2004இல் என் நைனா ஹார்பரில் கூலி. சம்பள வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்குவோம். எதிரிலேயே பர்மா பஜார். எழுபது சொன்னதை நாற்பதுக்குப் பேசி, 'தி ஜங்கிள் புக்' வாங்கிக் கொடுத்தார். 1967இல் வந்த படம் என்பதெல்லாம் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கடைசிப் பதினைந்து நிமிடம் ஓடாது, கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஸ்கைப் பனியனில் துடைத்துத் துடைத்துப் போடுவோம். நிற்கும். அதனால் முடிவை நைனாவே சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஒரு தடவை அந்தப் பையனுக்கு ஹார்பரில் வேலை கிடைத்தது. கரடிக்கு வாட்ச்மேன் வேலை.

நிஜமான முடிவை அவர் பார்க்கவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை நான் பார்த்தேன். ஒரு பெண் தண்ணீர் எடுக்க வருகிறாள். அவளுடைய குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் அவள் பின்னாலேயே ஊருக்குள் போகிறான். 2004இல் எங்கள் தெருவே விடியற்காலை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது. நைனா பார்த்திருந்தால் "இதுக்காடா இத்தினி நாளு?" என்று சிரித்திருப்பார்.

இந்த ஊர் ஆட்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் உங்களுக்குத் திருட்டு விசிடியும் கத்தியும்தான் ஞாபகம் வருகிறது. உங்கள் வீட்டு ஏசிக்கு ஓடுகிற கரண்ட்டில் ஒரு பங்கு எங்கள் பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது, சாம்பல் எங்கள் பக்கத்துக்கு. மிக்ஜாம் புயலில் இங்கே தண்ணீர் நின்றபோது உங்களில் யாரும் கலி முத்தியதாக எழுதவில்லை. அப்போது பரண் மேல் இருந்ததால் பழைய டிஸ்க்குகள் தப்பித்தன. கரண்ட் வந்து நாலு நாள் கழித்துத்தான் நெட் வந்தது. அந்த நாலு நாளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தார்கள்.

சொல்ல வந்தது டிஸ்க் பற்றி, எங்கேயோ போய்விட்டேன். மறுபடி சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கினேன். பில் இருக்கிறது. வேண்டுமானால் அதையும் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

கலி முத்தினவர் நேற்று இரவு இன்பாக்ஸில் வந்தார். "தப்பா எடுத்துக்காத மச்சான், அந்த லிங்க் கொஞ்சம் அனுப்பேன், பையன் கேக்கறான்" என்றார். ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

தீரவில்லை.