கோணல் காசெல்லாம் லட்சம் பெறாது

நசுங்கின காசையெல்லாம் "எரர் காயின் (நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்ட காசு), லட்சக்கணக்கில் போகும்" என்று யூடியூபில் கூவுகிறவர்களை ஒரு நாள் வண்ணாரப்பேட்டை மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும். வளைந்தது, ஓட்டை போட்டது, ஆசிடில் ஊறியது என்று எத்தனை தினுசு வருகிறது என்று பார்க்கட்டும்.

காசு சேர்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், "அண்ணே, இது எவ்ளோ போகும்?" என்று படம் வந்துவிடும். பாதி கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தில் எவனோ ஒரு பையன் வைத்து ரயில் ஏற்றியதாக இருக்கும். நீளவாக்கில் இழுபட்டு, சிங்கமும் சேர்ந்து இழுபட்டிருக்கும். காலர், அதாவது அடிக்கும்போது காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையம், இல்லாமல் மின்ட்டில் (நாணயச்சாலையில்) அடிபட்ட காசும் பெரிதாகத்தான் விரியும், ஆனால் ஏறக்குறைய வட்டமாக விரியும், நடுவில் இருக்கும் உருவம் சிதையாது. எடை இரண்டிலும் சரியாகவே இருக்கும், அதனால் தராசை மட்டும் நம்பாதீர்கள்.

காசு எவ்வளவு விநோதமாக இருக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை. மின்ட்டில் எந்த இடத்தில் இப்படி ஆகியிருக்கும் என்றுதான் கேட்பேன். தகட்டிலிருந்து வில்லை வெட்டுகிறார்கள், விளிம்பைத் தூக்குகிறார்கள், காலருக்குள் வைத்து இரண்டு டைக்கு, அதாவது உருவம் செதுக்கிய அச்சுக்கு, நடுவே அடிக்கிறார்கள். இதில் எங்கேயும் காரணம் அகப்படவில்லை என்றால் அது வெளியே வந்தபிறகு பட்ட அடி.

10 ரூபாய் காசில் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றி, திருப்பிப் போட்டு, "அபூர்வம்" என்று விற்கிறான். வளையமும் நடுவட்டமும் வெறும் உலோகமாகச் சேர்ந்து ஒரே அடியில்தான் உருவம் பெறுகின்றன. அப்புறம் நடுவில் மட்டும் உருவம் எப்படித் திரும்பும்? இந்தக் கேள்விக்கு இதுவரை ஒருத்தனும் பதில் சொன்னதில்லை.

ஏலத்தில் "லக்கி" என்று போகிற சரக்கு வேறு. அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் அதே முகம் குழிவாக, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிப் பதியும். மறுபக்கம் வழக்கம்போலப் பளிச்சென்று இருக்கும். பட்டறை வைஸில் இரண்டு காசை வைத்து நெருக்கினால் அந்தக் குழிவுக்கு அடியிலேயே பழைய எழுத்து மிச்சம் நிற்கும், மறுபக்கம் மழுங்கிப் போயிருக்கும். தங்கசாலையில் கம்பெனி காலத்து மின்ட் 1869லேயே மூடியாச்சு. இன்று வைஸும் சுத்தியலும் வைத்திருக்கிற எவனும் தனி மின்ட் நடத்துகிறான்!

பிறைபோல ஓரம் வெட்டுப்பட்ட காசா? வெட்டுக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். வில்லையே குறையாக வந்திருந்தால் விளிம்பு தூக்கும்போது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழாது, பெரும்பாலும் அங்கே விளிம்பு மங்கலாக இருக்கும். அரத்தால் ராவினவனுக்கு இந்தச் சங்கதி தெரியாது. டை விரிசல் விழுந்திருந்தால் காசில் கோடு மேடாக நிற்கும். பள்ளமாக ஓடினால் அது வெறும் கீறல். அவ்வளவுதான்.

இன்னொன்று, நிஜமான பிழையும் முக்கால்வாசி நூறு, இருநூறைத் தாண்டாது. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5 ரூபாய்க் காசுக்கு லட்சம் தருகிறேன் என்று சொல்பவன் முதலில் உங்களிடம்தான் "சார்ஜ்" கேட்பான். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த வேலை நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு இன்னும் அந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வீடியோக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் அதனால்தான், காசு கொண்டுவருகிறவர்கள்மேல் இல்லை.

படம் அனுப்புங்கள், சலிக்காமல் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய எடுங்கள். அடகுக் கடையில் கிராம் கணக்கில் எடை போட்டு அதையும் எழுதுங்கள். தயவுசெய்து புளி, விபூதி போட்டுத் தேய்த்துவிட்டு அனுப்பாதீர்கள்.